கருப்பையை எடுப்பதா, விடுவதா? முடிவு அவளுடையது, சுமை எல்லோருடையது

எமது சமூகத்தில் வாய்விட்டுப் பேசப்படும் நோய்களும் உண்டு, வாய்க்குள்ளேயே அடக்கப்படும் நோய்களும் உண்டு. நெஞ்சுவலி, நீரிழிவு, பாம்புக்கடி என்றால் அயல் முழுவதும் அறியும். ஓட்டோ பிடிப்பதற்கு நாலுபேர் ஓடுவர். ஆனால் ஒரு தாய்க்கு மாதத்தில் பத்து நாட்கள் இரத்தம் போய், முகம் வெளிறி, வயலில் குனிந்தால் நிமிர முடியாமல் நிற்பது அவளுடைய வீட்டாருக்கே தெரியாமல் இருக்கின்றது. "பொம்பிளையளுக்கு இது வழமைதானே" என்ற ஒரே சொல்லால் அந்த நோய் மூடப்பட்டுவிடுகின்றது.

விதைநெல், கிணறு, கடன், காணி என்று எழுதிவரும் நாம் இம்முறை கருப்பையில் வளரும் நார்க்கட்டி பற்றியும், அதற்காகக் கருப்பையை அகற்றுவதா இல்லையா என்ற கேள்வி பற்றியும் எழுதத் துணிகின்றோம். துறவறத்தில் இருக்கும் ஒரு குருவுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். பூசை முடிந்து எல்லோரும் போன பின்பு, கோவில் விறாந்தையில் தயங்கித் தயங்கி நின்று, "சுவாமி, டொக்டர் கருப்பையை எடுக்கச் சொல்லுறார், எடுத்தால் பாவமோ?" என்று கேட்கும் தாய்மார் ஒருவர் இருவர் அல்லர். எம்மிடம் கேட்கப்படும் கேள்விக்கு நாம் பதில் சொல்லியே ஆகவேண்டும். பாவம் பற்றிய பதில் மட்டும் அவர்களுக்குப் போதாது என்பதையும் நாம் கண்டிருக்கின்றோம்.

நாம் இங்கு சொல்லவருவது ஒன்றே. இந்த முடிவு நோயுற்ற பெண்ணுடையது. ஆனால் அவள் பயமின்றி முடிவெடுப்பதற்கு வேண்டிய அறிவையும், ஓய்வையும், உதவியையும் கொடுப்பது அவளுடைய குடும்பத்தினதும் அயலினதும் கடமை. இவை இல்லாத இடத்தில் "நீயே யோசித்துச் சொல்" என்பது அவளைத் தனியே விடுவதாகும்.

நார்க்கட்டி என்பது என்ன?

கருப்பையின் சுவர் தசையால் ஆனது. அந்தத் தசையிலிருந்தும் நாரிழையத்திலிருந்தும் வளரும் கட்டியையே நார்க்கட்டி என்கின்றோம். வைத்தியர்கள் "பைப்ரொயிட்" என்று சொல்வதும் இதையே. ஒன்று வளரலாம், பலவும் வளரலாம். பயறு அளவில் இருக்கலாம், தேங்காய் அளவிலும் இருக்கலாம். பெண்ணின் உடலில் இயல்பாகச் சுரக்கும் ஹோர்மோன்களால் இவை வளர்கின்றன. ஆகவே மாதவிடாய் நின்றபின் பெரும்பாலானவை தாமாகவே சுருங்குகின்றன. ஐம்பது வயதை அடையும் பெண்களில் அரைவாசிக்கு மேற்பட்டோருக்குச் சிறிதாகவேனும் நார்க்கட்டி இருக்கும் என்பது வைத்திய உலகு அறிந்த செய்தி. அவர்களிற் பலருக்கு எந்தத் தொல்லையும் இல்லை.

மூன்று விடயங்களை முதலில் மனத்திற் பதித்துக்கொள்வோம்.

முதலாவது, நார்க்கட்டி புற்றுநோய் அல்ல. அது புற்றுநோயாக இருப்பது மிக அரிது. "கட்டி" என்ற சொல்லைக் கேட்டவுடன் மரணத்தை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. எனினும் மாதவிடாய் முற்றாக நின்ற பின்னர் மீண்டும் இரத்தம் கண்டால், அல்லது அந்த வயதில் கட்டி பெருத்தால், ஒரு நாளும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். அது வேறு நோயாக இருக்கக்கூடும்.

இரண்டாவது, இது செய்வினையால் வந்ததல்ல, சாபத்தால் வந்ததல்ல, அவள் செய்த எந்தக் குற்றத்தாலும் வந்ததல்ல. கன்னியருக்கும் வரும், பல பிள்ளை பெற்ற தாய்க்கும் வரும்.

மூன்றாவது, கட்டி இருக்கின்றது என்பதற்காக மட்டும் கருப்பையை எடுக்க வேண்டியதில்லை. வேறு எதற்கோ செய்த ஸ்கானில் சிறு கட்டி ஒன்று தெரிந்தால், தொல்லை எதுவும் இல்லையெனில், காலத்துக்குக் காலம் பார்த்துக்கொள்வதே போதும்.

உண்மையான ஆபத்து எங்கே?

எமது முன்னோர் அளவுக்கு மிஞ்சிய மாதப்போக்கைப் "பெரும்பாடு" என்றனர். பொருத்தமான சொல்தான். மாதப்போக்கு ஏழு நாட்களுக்கு மேல் நீடித்தல், ஒரு மணி இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை துணி மாற்ற வேண்டிவருதல், கட்டிகட்டியாக இரத்தம் போதல், இரவில் படுக்கை நனைதல் ஆகியவை வழமை அல்ல. அடிவயிறு பாரமாக இருத்தல், அடிக்கடி சலம் போதல், மலச்சிக்கல், நாரிநோவு என்பனவும் பெரிய கட்டியின் அறிகுறிகளாக இருக்கலாம்.

இவற்றுள் உயிரை மெல்ல மெல்ல அரிப்பது இரத்தக்குறைவு. கர்ப்பிணி அல்லாத ஒரு பெண்ணின் குருதியில் ஹீமோகுளோபின் ஒரு டெசிலீற்றருக்கு 12 கிராமாவது இருக்க வேண்டும். 8 இற்குக் கீழே போனால் அது கடுமையான இரத்தச்சோகை. நாளுக்கு நாள் மெதுவாகக் குறைவதால் உடம்பும் அதற்குப் பழகிவிடுகின்றது. ஆறிலும் ஏழிலும் நின்றுகொண்டு விறகு வெட்டுபவர்களும், நாற்று நடுபவர்களும் எம்மத்தியில் உண்டு. களைப்பு, மூச்சிரைப்பு, நெஞ்சு படபடப்பு, தலைச்சுற்று இவற்றை வேலைப்பளு என்று நினைத்துக்கொள்கின்றனர். ஒரு நாள் வரம்பில் மயங்கி விழும்போதுதான் விடயம் வெளியே வருகின்றது.

கீரை, முருங்கையிலை, பயறு, மீன், ஈரல் எல்லாம் நல்லவை. ஆனால் மாதந்தோறும் இவ்வளவு இரத்தத்தை இழப்பவளுக்கு உணவினால் மட்டும் ஈடுசெய்ய முடியாது. இரும்புச்சத்துக் குளிசை வேண்டும். அதைத் தேசிக்காய்த் தண்ணீருடன் எடுத்தால் உடம்பு நன்கு ஏற்றுக்கொள்ளும். தேநீருடன் எடுத்தால் பயன் குறைந்துவிடும். குளிசை எடுக்கும் நாட்களில் மலம் கறுத்துப் போவதைக் கண்டு பயந்து நிறுத்த வேண்டாம், அது இரும்பின் நிறம். குளிசை ஒத்துவராவிட்டால் இரும்புச்சத்தை ஊசி மூலம் ஏற்றவும் வைத்தியசாலையில் வழி உண்டு.

வழி ஒன்று மட்டுமல்ல

"எடுப்பதா, விடுவதா" என்று இரண்டே வழிதான் உள்ளது போல ஊரிலே பேசப்படுகின்றது. அது சரியன்று.

இரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்துகள் உள்ளன. ட்ரனெக்சாமிக் அசிட் என்னும் குளிசையை இரத்தம் போகும் நாட்களில் மட்டும் எடுப்பர். முன்பு காலிலோ நெஞ்சிலோ இரத்தம் உறைந்த வருத்தம் இருந்தவர்கள் அதனை வைத்தியருக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஹோர்மோன் குளிசைகளும், கருப்பைக்குள் வைக்கும் ஹோர்மோன் சாதனமும் பலருக்குப் போக்கைக் குறைக்கின்றன. கருப்பையின் உட்பகுதி கட்டியால் உருமாறியிருந்தால் அச்சாதனம் பொருந்தாமற் போகலாம். கட்டியைச் சில மாதங்களுக்குச் சுருங்கச் செய்யும் ஊசிகளும் உள்ளன. நிறுத்தியபின் கட்டி மீண்டும் வளரும் என்பதால் இவற்றைப் பெரும்பாலும் சத்திரசிகிச்சைக்கு முன்னர் கொடுப்பர்.

பிள்ளை வேண்டும் என்போருக்குக் கருப்பையை வைத்துக்கொண்டு கட்டியை மட்டும் வெட்டியெடுக்கும் சத்திரசிகிச்சை உண்டு. ஆனால் பின்னொரு காலத்தில் வேறு கட்டி வளரக்கூடும். அதற்குப் பின் பிள்ளை தங்கினால் பிரசவமும் பெரும்பாலும் சத்திரசிகிச்சை மூலமே நடைபெறும். கட்டிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடியை அடைத்துக் கட்டியை வாடச் செய்யும் முறை ஒன்று 1995 இல் பிரான்சிலிருந்து வைத்திய உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு விசேட கருவிகளும் பயிற்சியும் வேண்டும். அதனால் எங்கும் கிடைப்பதன்று.

கருப்பையை முற்றாக அகற்றுவது இறுதி வழி. அதன் பின்னர் மாதவிடாய் இல்லை, நார்க்கட்டியும் திரும்பி வராது. இது அதன் பெரும் நன்மை. மறுபுறத்தில் இது பெரிய சத்திரசிகிச்சை. இரத்தப்பெருக்கு, கிருமித்தொற்று, சலப்பைக்கோ சலக்குழாய்க்கோ காயம், காலில் இரத்தம் உறைதல் என்பன சிலருக்கு ஏற்படலாம். அதற்குப்பின் பிள்ளைப்பேறு இல்லை. ஆறு தொடக்கம் எட்டு வாரங்கள் பாரம் தூக்கக்கூடாது.

இங்கு பலரும் குழப்பிக்கொள்ளும் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். கருப்பை வேறு, சூலகம் வேறு. ஹோர்மோன் சுரப்பது சூலகத்தில். சூலகங்களை விட்டுவிட்டுக் கருப்பையை மட்டும் எடுத்தால் உடம்பு உடனே முதுமைக்குப் போய்விடாது. மாதவிடாய் நிற்கும் வயதுக்கு முன்னர் சூலகங்கள் இரண்டையும் எடுத்தால் உடற்சூடு, எலும்பு தேய்தல், இருதய நோய் என்பவற்றிற்கான வாய்ப்புக் கூடுகின்றது. ஆகவே "சூலகத்தையும் எடுப்பீர்களா, ஏன்?" என்பது ஒவ்வொரு பெண்ணும் முன்கூட்டியே கேட்க வேண்டிய கேள்வி.

மூன்று தாய்மார்

பாவசங்கீர்த்தனத்திற்கு வெளியே, எமது பணியிடங்களில் நாம் அறிந்த மூவரைப் பற்றிச் சொல்வோம்.

ஒருவர் நாற்பத்தொன்பது வயதுடையவர். பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர். நடுத்தர அளவிலான கட்டி, போக்கு அதிகம், ஆனால் ஹீமோகுளோபின் பத்துக்குக் கீழே இறங்கவில்லை. வைத்தியர் இரு வழிகளையும் விளங்கப்படுத்தினார். மாதவிடாய் நிற்கும் காலம் கிட்டிவிட்டதால் மருந்துடன் பொறுத்துப் பார்க்க அவர் தீர்மானித்தார். இரண்டு ஆண்டுகள் குளிசையுடன் கழிந்தன. போக்கு நின்றது, கட்டியும் சுருங்கியது.

இன்னொருவர் முப்பத்தொரு வயது. திருமணமாகி ஐந்து வருடம், பிள்ளை இல்லை. மாமியார் வீட்டுப் பேச்சு ஒருபுறம், வயிற்று நோவு ஒருபுறம். "கருப்பையை எடுத்தால் நோவு தீரும்" என்று அயலவர் சொல்லிக்கொடுத்தனர். பெரிய வைத்தியசாலைக்குச் சென்றபோதுதான் கட்டியை மட்டும் எடுக்கலாம் என்று அறிந்தார். பிள்ளை கிடைக்கும் என்று எவரும் உறுதி கொடுக்கவில்லை. எனினும் அந்த வாசலைத் தன் கையால் மூடிக்கொள்ள அவர் விரும்பவில்லை. கட்டி மட்டும் எடுக்கப்பட்டது.

மூன்றாமவர் 2009 இல் கணவனை இழந்தவர், வயது நாற்பத்தைந்து. வயிறு பெருத்துக்கொண்டு வந்தது. கட்டியின் அளவை வைத்தியர்கள் "பதினாறு வார அளவு" என்று கர்ப்பக் கணக்கிலேயே குறிப்பர். ஊரோ உண்மையான கர்ப்பக் கணக்கே போட்டது. விதவையின் வயிற்றைப் பார்த்து ஊர் பேசிய பேச்சுக்குப் பயந்து அவர் கிளினிக்குக்குப் போகவில்லை, கோவிலுக்கும் வருவதை நிறுத்தினார். மயங்கி விழுந்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது ஹீமோகுளோபின் ஆறு. இரத்தம் ஏற்றி, இரும்புச்சத்துக் கொடுத்து, உடம்பைத் தேற்றிய பின் கருப்பை அகற்றப்பட்டது. இப்பொழுது தோட்டம் செய்கின்றார். "இவ்வளவு நாளும் நான் வீணாய்ச் செத்துக்கொண்டிருந்திருக்கிறன் சுவாமி" என்று எம்மிடம் சொன்னார்.

மூவரும் மூன்று முடிவு எடுத்தனர். மூன்றும் சரியான முடிவுகளே. வயது, பிள்ளை ஆசை, இரத்தத்தின் அளவு, கட்டியின் இடமும் பருமனும், தாங்கும் சக்தி ஆகியவை ஆளுக்காள் வேறுபடும். அயல்வீட்டுக்காரிக்குச் சரிவந்தது எனக்கும் சரிவரும் என்று கொள்வதும், அவளுக்குப் பிழைத்தது எனக்கும் பிழைக்கும் என்று கொள்வதும் தவறு.

பாவமா?

நேரடியாகவே சொல்கின்றோம். நோயுற்ற கருப்பையை, அந்த நோயைத் தீர்ப்பதற்காக அகற்றுவது பாவமன்று. 1968 இல் பாப்பரசர் ஆறாம் பவுல் வெளியிட்ட 'ஹுமானே வீத்தே' என்னும் சுற்றுமடல் குடும்பக் கட்டுப்பாடு பற்றிக் கண்டிப்பாகப் பேசியது என்பதைப் பலர் அறிவர். அதே மடலின் 15 ஆம் பிரிவு, உடல்நோயைத் தீர்க்கத் தேவையான சிகிச்சையினால் பிள்ளைப்பேறு தடைப்பட்டாலும், அத்தடையை நேரடியாக நாடாதவிடத்து அச்சிகிச்சை முறையானதே என்று கூறுவதைப் பலர் அறியார். 1993 ஜூலை 31 இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயமும் ஒரு கேள்விக்கு விடையளிக்கையில், தாயின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ கருப்பை பாரதூரமான ஆபத்தாக இருக்கும்போது அதனை அகற்றுவது ஏற்புடையது என்று உறுதிப்படுத்தியது. இனிப் பிள்ளை வேண்டாம் என்பதற்காக மட்டும் நல்ல கருப்பையை எடுப்பது வேறு விடயம். இரண்டையும் ஒன்றாக எண்ணி நோயாளியின் மனச்சாட்சியில் பாரம் ஏற்ற வேண்டாம். போக்கைக் கட்டுப்படுத்துவதற்காக வைத்தியர் கொடுக்கும் ஹோர்மோன் குளிசைக்கும் மேற்சொன்ன 15 ஆம் பிரிவின் விளக்கமே பொருந்தும்.

இன்னுமொரு தவறான பக்தியையும் இங்கு சுட்டிக்காட்ட வேண்டும். "ஆண்டவர் தந்த சிலுவை, சுமக்கத்தான் வேணும்" என்று வைத்தியசாலைக்குப் போகாமல் இருப்போர் உள்ளனர். மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண்ணைச் சந்திக்கின்றோம். அவள் தன்னிடமிருந்த எல்லாவற்றையும் வைத்தியருக்குச் செலவழித்தவள். அக்காலச் சட்டப்படி தீட்டுள்ளவள், கூட்டத்தில் கலக்கக்கூடாதவள். அவளுடைய வருத்தத்தை இயேசு சிலுவை என்று புகழவுமில்லை, அவள் தொட்டதைத் தீட்டு என்று வெறுக்கவுமில்லை. எல்லோர் முன்னும் அவளைத் தன் மகளாக ஏற்றுச் சுகம் பெற்றவளாக அனுப்பினார். தீர்க்கக்கூடிய நோயைத் தீர்க்காமல் விடுவது பக்தி அல்ல.

கூலி முடிவெடுக்கும் இடங்கள்

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில் பீட் என்ற வறண்ட மாவட்டம் உள்ளது. அங்கிருந்து ஆண்டுதோறும் பெருந்தொகையான குடும்பங்கள் கரும்பு வெட்டுவதற்கு இடம்பெயர்கின்றன. கணவனும் மனைவியும் ஒரு சோடியாகக் கணக்கிடப்பட்டு முற்பணம் பெறுகின்றனர். ஒரு நாள் வேலை தவறினால் பணம் வெட்டப்படும். மாதவிடாய் நாட்களில் ஓய்வும் இல்லை, கழிப்பிடமும் இல்லை. 2019 இல் அம்மாநில அரசு அமைத்த குழு, அம்மாவட்டத்தின் கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரை விசாரித்தபோது 13,861 பேருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர். வெள்ளைபடுதல், வயிற்றுநோவு போன்ற, வேறு வழியில் தீர்த்திருக்கக்கூடிய முறைப்பாடுகளுக்கும் தனியார் வைத்தியசாலைகளில் பணம் வாங்கிக் கருப்பையை எடுத்தார்கள் என்ற செய்திகள் வெளிவந்தன.

எமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். இது பெரிய பேறு. எனினும் பீட் மாவட்டத்துப் பெண்களின் கதை எமக்கு அந்நியமானதன்று. நிலமற்றவளின் உடம்பைப் பற்றிய முடிவை நாட்கூலி எடுத்துவிடுகின்றது. அங்கே வேலை தவறக்கூடாது என்று எடுக்கின்றனர். இங்கே வேலை தவறக்கூடாது என்றே எடுக்க வேண்டியதையும் எடுக்காமல் இருக்கின்றனர்.

இடம்பெயர்ந்தவளுக்கு ஓய்வு எங்கே?

1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களும், 2008, 2009 இல் வன்னியில் ஊர் ஊராக ஓடியவர்களும் காணி உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினர். கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் எத்தனை பேர்? பழைய ஸ்கான் இல்லை, பழைய இரத்தப் பரிசோதனை இல்லை. புதிய இடத்தில் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்தே கதை சொல்ல வேண்டியிருக்கின்றது. பொதுக் கழிப்பிடத்தில் வரிசையில் நின்று துணி மாற்றுவதும், மறைவான இடமின்றி ஈரத்துணியை உலர்த்துவதும் எவ்வளவு வேதனை என்பதை முகாமில் வாழ்ந்த தாய்மார் அறிவர்.

வைத்தியர் "ஆறு கிழமை பாரம் தூக்கவேண்டாம்" என்று எழுதிக்கொடுக்கின்றார். தண்ணீர் எடுக்க அரை மைல் நடப்பவள், மாடு பார்ப்பவள், கிழமைக்குக் கிழமை நுண்கடன் தவணை கட்டுபவள், கணவன் இல்லாதவள் அந்த ஆறு கிழமையை எங்கே தேடுவாள்? "எனக்குச் சத்திரசிகிச்சை வேண்டாம்" என்று அவள் சொல்லும்போது, "எனக்குப் பதிலாகத் தண்ணீர் அள்ள ஆளில்லை" என்பதையே சில வேளைகளில் சொல்கின்றாள். அதை அவளுடைய சொந்த விருப்பம் என்று எழுதிவைப்பது அநீதி.

ஆகவே எமது மாதர் சங்கங்களும் அன்பியங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இதனை ஒரு அபிவிருத்திப் பணியாகவே ஏற்க வேண்டும் என்பது எமது நிலைப்பாடு. ஒருவருடைய வயலில் மற்றவர் மாறிமாறி நாற்று நடும் வழக்கம் எமக்குப் புதிதல்ல. அதே முறையில் ஆறு கிழமைக்கு ஒரு வீட்டின் தண்ணீரையும் விறகையும் சமையலையும் பங்கிட்டுக்கொள்ளலாம். சங்கத்தின் சேமிப்பிலிருந்து வட்டியில்லாமல் ஒரு தொகையைப் போக்குவரத்துக்கும் தவணைக்கும் கொடுத்துதவலாம். கிளினிக்குக்குத் துணைக்கு ஒரு பெண்ணை அனுப்பலாம். அவசரமில்லை என்று வைத்தியர் கூறினால், காலபோக அறுவடை முடியும்வரை மருந்துடன் இருந்து நாள் குறிக்கலாம். அவசரம் என்று கூறினால் அறுவடை காத்திருக்கட்டும்.

வைத்தியரிடம் கேட்க வேண்டியவை

முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் 'சுவநாரி' என்ற பெயரில் நடைபெறும் பெண்கள் நலக் கிளினிக்குகள் முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோருக்கென்றே 1996 இல் தொடங்கப்பட்டவை. அங்கிருந்து பெண்நோயியல் நிபுணரிடம் அனுப்புவர். அவரைச் சந்திக்கும்போது கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்:

1. எனக்கு எத்தனை கட்டி, எவ்வளவு பெரிது, எந்த இடத்தில் உள்ளது?

2. எனது ஹீமோகுளோபின் எவ்வளவு? சத்திரசிகிச்சைக்கு முன் அதைக் கூட்ட வேண்டுமா?

3. எனக்குச் செய்யாமல் விட்டால் என்ன நடக்கும்? எவ்வளவு காலம் பொறுக்கலாம்?

4. மருந்து மட்டும் போதுமா? கட்டியை மட்டும் எடுக்க முடியுமா?

5. கருப்பையை எடுப்பதாயின் சூலகத்தை வைப்பீர்களா? கருப்பைக் கழுத்தை வைப்பீர்களா? (கழுத்து இருந்தால் பப் பரிசோதனையைத் தொடர வேண்டும்.)

6. வயிற்றை வெட்டியா, வேறு முறையிலா? எத்தனை நாட்களில் வீடு திரும்பலாம்?

7. எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா? முடிவை எப்போது அறியலாம்?

விளங்காவிட்டால் மீண்டும் கேட்பது மரியாதைக் குறைவல்ல. கிளினிக்கில் சனம் நிறைந்திருக்கும், வைத்தியருக்கு நேரம் குறைவு என்பது உண்மைதான். அப்படியானால் தாதியிடம் கேளுங்கள், அல்லது அடுத்த தவணைக்கு வந்து கேளுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதவிடத்து, வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வருகின்றேன் என்று சொல்ல எவருக்கும் உரிமையுண்டு. கட்டியைக் கரைக்கும் என்று சந்தையில் விற்கப்படும் தூளிலும் எண்ணெயிலும் பணத்தையும் காலத்தையும் தொலைக்க வேண்டாம். எல்லாக் காகிதங்களையும் ஒரு பையில் இட்டு, காணி உறுதியுடனேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை

கருப்பை போனால் பெண்மை போய்விடும், தாம்பத்தியம் இல்லாமற் போய்விடும் என்று பயப்படும் கணவன்மார் உள்ளனர். அந்தப் பயத்தினால் சிலர் தடுக்கின்றனர், சிலர் மனைவியை வெறுத்து ஒதுக்குகின்றனர். காயம் ஆறி வைத்தியர் அனுமதித்தபின் கணவன் மனைவி உறவு முன்போலவே தொடரலாம். போக்கும் நோவும் நீங்கியதால் வாழ்வு முன்னையிலும் நன்றாக இருப்பதாகக் கூறும் பெண்கள் பலர். பெண் என்பவள் ஓர் உறுப்பினால் ஆனவள் அல்லள். இறைவனின் சாயலைக் கருப்பையில் மட்டும் தேடுபவன் தன் மனைவியை இன்னும் அறியாதவன்.

ஒரு காணியில் பயிர் வாடினால் நாம் என்ன செய்கின்றோம்? வேரைப் பார்க்கின்றோம், மண்ணைப் பார்க்கின்றோம், அறிந்தவரைக் கேட்கின்றோம், அதன் பின்பே பிடுங்குவதா, மருந்திடுவதா என்று தீர்மானிக்கின்றோம். பயிருக்குக் கொடுக்கும் அந்த நிதானத்தை எம் தாய்க்கும் தாரத்துக்கும் சகோதரிக்கும் கொடுப்போம். எடுக்கச் சொல்லி நெருக்கவும் வேண்டாம், எடுக்காதே என்று தடுக்கவும் வேண்டாம். அவள் கேட்டறிந்து, செபித்து, தன் முடிவைச் சொல்லட்டும். அவள் முடிவு எதுவாயினும், அடுத்த நாட்காலை கிணற்றடிக்கு அவளுடைய குடத்தை எடுத்துக்கொண்டு போவது எங்களில் ஒருவராக இருக்கட்டும்.